ராமநாதபுரம் கடலோரத்தில் தோட்டக்கலை: பட்டமா, டிப்ளமோவா, நாற்றங்காலா?

கேள்வி – உச்சிப்புளி மணல்

வணக்கம். தம்பி பிளஸ் டூ உயிரியல் பிரிவு முடிச்சிட்டான். தோட்டக்கலைதான் படிப்பேன்னு நிக்கிறான். வீட்ல, உப்புத் தரையில என்னத்த விளைய வைக்கப் போறேன்னு கேக்குறாங்க. உச்சிப்புளிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மணல், நாப்பது தென்னை, ஒரு கிணறு இருக்கு. நாலு வருசப் பட்டம் போடுறதா, ரெண்டு வருச டிப்ளமோ போதுமா? எதுக்கு என்ன வேலை? ஊர்லயே இருந்து செய்யணும்னா எதுல இறங்குறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் – பரமக்குடி வாய்க்கால்

அரசு வேலை எண்ணம் இருந்தால் முதலில் பதவியைப் பார்த்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். தோட்டக்கலைத் துறையில் உதவித் தோட்டக்கலை அலுவலர் பதவிக்கு இரண்டு வருட டிப்ளமோ. தோட்டக்கலை அலுவலர் பதவிக்கு பி.எஸ்சி. தோட்டக்கலை. உதவி இயக்குநராக நேரடியாக நுழைய எம்.எஸ்சி. மூன்றுமே டி.என்.பி.எஸ்.சி. வழிதான். அறிவிப்பு ஆண்டுதோறும் வரும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

பட்டப்படிப்புக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் கோவை, பெரியகுளம், திருச்சி (இது பெண்களுக்கு மட்டும்) ஆகிய இடங்களில் தோட்டக்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசையில்தான் சேர்க்கை, நீட் கிடையாது. நமக்குப் பெரியகுளம் பக்கம்.

பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, பி.எஸ்சி. வேளாண்மையும் பி.எஸ்சி. தோட்டக்கலையும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்வது. தேர்வு அறிவிப்பில் கல்வித்தகுதி தனித்தனியாகத்தான் இருக்கும். இன்னொன்று, தனியார் நிறுவனங்கள் கொடுக்கும் ஆறு மாத, ஒரு வருடச் சான்றிதழ். கையில் வேலை கற்றுக்கொள்ள உதவலாம், ஆனால் இந்தப் பதவிகளுக்கு அதைத் தகுதியாக எடுக்க மாட்டார்கள். பணம் கட்டும் முன் பல்கலைக்கழக அங்கீகாரத்தைப் பாருங்கள்.

சொந்தத் தொழில் என்றால், பட்டம், டிப்ளமோ இரண்டுக்கும் வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம் பொருந்தும். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான மேனேஜ் நடத்தும் 45 நாள் இலவசப் பயிற்சி முடித்தால் தனிநபருக்கு 20 லட்சம் வரையான திட்டத்துக்கு வங்கிக் கடனும் 36 சதவீத மானியமும் உண்டு. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44 சதவீதம். பயிற்சி முடிந்ததும் கடன் தானாக வந்துவிடாது. திட்ட அறிக்கையில் நீர் ஆய்வு முடிவும் யாருக்கு விற்கப் போகிறோம் என்ற விவரமும் இல்லாமல் போனால் வங்கி மேலாளர் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பதில் – ஊற்றுத் தண்ணி

அண்ணன் சொன்னது சரி. ஆனா நம்ம கரையில படிப்புக்கு முன்னாடியே தம்பி கத்துக்க வேண்டியது தண்ணிய அளக்குறது. மணல்ல மழைத்தண்ணி இறங்கி, கீழ இருக்கிற உப்புத்தண்ணி மேல மிதந்து நிக்குது. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ சுமார் 40 அடி நல்ல தண்ணி இருக்கும். திருப்பிப் பாருங்க: மோட்டார் போட்டு ஒரு அடி இறக்குனா உப்பு 40 அடி ஏறி வர வழி விடுறோம். அதான் ஆழ்துளை போட்ட இடமெல்லாம் ரெண்டு மூணு வருசத்துல கரிக்குது. ஆழமில்லாத அகலக் கிணறு, சின்ன மோட்டார், கொஞ்ச நேரம் ஓட்டி ஊற விட்டு மறுபடி ஓட்டுறது, இதுதான் இந்த மண்ணுக்கு.

மாதிரி எடுக்கும்போது மோட்டார 20 நிமிசம் ஓட விட்டு, அதே தண்ணியில பாட்டில கழுவி, கழுத்து வரைக்கும் நிரப்பி மூடணும். ஜனவரியில ஒண்ணு, மே மாசம் ஒண்ணு. மழை முடிஞ்சதும் எடுத்த அறிக்கைய மட்டும் நம்பித்தான் நிறையப் பேரு மாங்கன்னு வச்சு இழந்திருக்காங்க. ராமநாதபுரத்துல வேளாண் பல்கலையோட கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்க போய்ப் பேசுங்க.

அறிக்கையில ஈ.சி.ங்கிற எண்ணப் பாருங்க (தண்ணியில எவ்வளவு உப்புன்னு காட்டுற மின்கடத்துத்திறன், டெசிசீமன்ஸ்/மீட்டர் கணக்கு). இறவை மிளகாய்க்கு 1 வரைக்கும் இழப்பில்ல. 1.5 ஆனா பத்துல ஒரு பங்கு போகும், 2.2 ஆனா கால் பங்கு, 3.4-ல பாதி. மாவும் எலுமிச்சையும் உப்புத் தாங்காது. சப்போட்டா, இலந்தை, பேரீச்சை தாங்கும்.

சொட்டுநீர் போட்டா ஒரு விசயம். உப்பு ஈர வட்டத்தோட ஓரத்துல வெள்ளையாப் படிஞ்சு நிக்கும். முதல் தூறல் அதைக் கரைச்சு வேருக்குள்ள தள்ளிடும். ரெண்டு நாள்ல இலை ஓரம் கருகும். அதனால தூறல் விழுதேன்னு மோட்டார நிறுத்தாதீங்க. நல்ல மழை பெஞ்சு கழுவினப்புறம் நிறுத்துங்க.

பதில் – தங்கச்சிமடம் பதியம்

ஊரில் இருந்தே செய்வதென்றால் மல்லிகைப் பதியம்தான் (குச்சி ஊன்றிக் கன்று எடுப்பது) என் முதல் சொல். தமிழ்நாடு முழுக்க நடப்படும் ராமநாதபுரம் குண்டுமல்லிக்குக் கன்று எங்கள் பாம்பன் தீவிலிருந்து போகிறது. தென்னை நிழலும் மணலும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

பாதி முற்றிய குச்சியில் மூன்று கணு வருகிற மாதிரி வெட்ட வேண்டும். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே, சாய்வாக. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, 1,000 பி.பி.எம். ஐ.பி.ஏ. என்ற வேர்விடும் ஊக்கிக் கரைசலில் (ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், முதலில் கொஞ்சம் சாராயத்தில் கரைத்தால்தான் தண்ணீரில் கலக்கும்) அடியை முக்கி எடுத்து, இரண்டு கணு மணலுக்குள் போகும்படி ஊன்றி, சுற்றிலும் விரலால் அழுத்திவிடுங்கள். அழுத்தாமல் விட்டால் அடியில் காற்று நின்று குச்சி காயும். தண்ணீர் தேங்கினால் அடி கறுத்து அழுகும். துளிர் வந்துவிட்டதே என்று பிடுங்கக் கூடாது. குச்சியில் இருக்கும் சத்திலேயே துளிர் வரும், வேர் அதற்குப் பின்னால்தான்.

விற்கும் முன் நாலைந்து கன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். சிறுமணி கோத்ததுபோல் முடிச்சு தெரிந்தால் நூற்புழு; அந்தப் பாத்தியில் ஒரு கன்றும் வெளியே போகக் கூடாது. நம் மணலில் இன்னொன்று, நரம்பு பச்சையாக இருக்க இலை மட்டும் வெளுப்பது. அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து, மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும் வரை தெளிக்கலாம்.

வாங்குகிறவர் ஏக்கருக்கு எத்தனை என்று கேட்பார். 1.25 மீட்டர் இடைவெளிக்கு சுமார் 2,590. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டரில் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) என்பதையும் சொல்லி அனுப்புங்கள். கவாத்து தெரியாமல் விட்ட செடி பூக்காவிட்டால் பழி கன்றின் மேல்தான் விழும்.

கன்றோ காய்கறி நாற்றோ விற்க விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் வேண்டும். விதை ஆய்வாளரைப் பார்த்து, முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

கேள்வி – உச்சிப்புளி மணல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மே மாசத் தண்ணி அறிக்கை இருக்கு, ஈ.சி. 1.9. இதுல குழித்தட்டுல மிளகாய் நாத்து விட முடியுமா? தேங்காய் நார்க்கழிவு பக்கத்துலயே கிடைக்குது.

பதில் – ஊற்றுத் தண்ணி

அந்தத் தண்ணியில நாத்து விடாதீங்க. வளர்ந்த செடிக்கே ஈ.சி. 1.9-ன்னா இழப்பு, முளைக்கு இன்னும் மோசம். நார்க்கழிவுலயும் சோதிக்கணும். கழிமுகத்து உப்புத்தண்ணியில ஊறுன மட்டையில எடுத்ததா இருந்தா அதுவே உப்பு மூட்டை. ஒரு பங்கு நார்க்கழிவுக்கு ரெண்டு பங்கு நல்ல தண்ணி ஊத்திக் கலக்கிப் பிழிஞ்சு, அந்தத் தண்ணிய மீட்டர்ல பாருங்க. 0.5-க்குக் கீழ வர்ற வரைக்கும் நல்ல தண்ணியில அலசணும். முளைச்சு நாலு இலையில நுனி காஞ்சு நின்னா நோய்னு மருந்தடிக்கிறாங்க. பாதி நேரம் உப்புதான்.

98 குழி உள்ள ஒரு தட்டுக்கு ஒண்ணே கால் கிலோ போல நார்க்கழிவு பிடிக்கும். 300 கிலோவுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, உயிர் உரங்களான அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் ஒவ்வொரு கிலோ. குழிக்கு ஒரு விதை. தட்டை அடுக்கி மூடி வச்சு, அஞ்சாறு நாள்ல முளை தெரிஞ்சதும் நிழல்வலைக்குள்ள பரப்பிடணும்; ஒரு நாள் தாமதிச்சாலும் முளை வெளுத்து நீண்டு கழுத்து ஒடியும். 35 நாள்ல நடவுக்கு ரெடி. நம்ம குண்டு மிளகாய் பெரும்பாலும் மானாவாரியா நேரடியா விதைக்கிறது, 2023-ல புவிசார் குறியீடும் வந்துடுச்சு. அதுக்கு நாத்து கேட்டு அதிகம் வரமாட்டாங்க. இறவைக்காரங்கள நம்பிக் கணக்குப் போடுங்க.

தண்ணிக்கு வழி கூரைதான். நம்ம மாவட்டத்துல சராசரி மழை 800 மி.மீ.க்கு மேல. 100 சதுர மீட்டர் கூரையில விழுறது 80,000 லிட்டர், சிதறல் போக 60,000 தேறும். தட்டுக்கு நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் 100 தட்டுக்கு 35 நாளுக்கு 3,500 லிட்டர் போதும். ரெண்டாயிரம் லிட்டர் தொட்டி ரெண்டு வாங்கி, வெயில் படாம மூடி, ஐப்பசிக்கு முன்னாடி குழாய் இணைச்சு வைங்க. முதல் மழைத்தண்ணிய மட்டும் வெளிய விட்டுடுங்க, கூரை மேல கடல்காத்து கொண்டு வந்த உப்பு படிஞ்சிருக்கும்.