பழைய டிரக்கில் ஹீட்டர் சூடு தரவில்லையா? பனிக்காலத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி (தக்கலையிலிருந்து கனடாவின் எட்மண்டன் நகருக்குச் சென்றிருப்பவர்):

அண்ணனுக்கு வணக்கம். சென்ற மாதம் இங்கே ஒரு பழைய பிக்கப் டிரக் வாங்கினேன். 2005 மாடல், பெட்ரோல் எஞ்சின். ஓட்டத்தில் குறை இல்லை. ஆனால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தாலும் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. சிக்னலில் நிற்கும்போது அதுவும் குளிர்ந்துவிடுகிறது. வண்டி நகர்ந்தால் மீண்டும் சற்றுச் சூடாகிறது. இப்போது செப்டம்பர்தான். கம்பளி உடை அணிந்து இந்தக் குளிர்காலத்தைச் சமாளித்துவிடலாமா, அல்லது செலவு செய்து பார்க்க வேண்டுமா?

பதில் (மார்த்தாண்டத்திலிருந்து):

தம்பி, பார்க்கத்தான் வேண்டும். அதையும் அக்டோபர் நடுப்பகுதிக்குள் முடித்துவிட வேண்டும். முதல் பனி விழுந்ததும் டயர் மாற்ற வருகிறவர்களால் அங்குள்ள ஒர்க்ஷாப்புகள் நிரம்பிவிடும். கம்பளி உடை உடலைக் காக்கும், முன்கண்ணாடியைக் காக்காது. மைனஸ் 25 டிகிரியில் நாம் விடும் மூச்சே கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படியும். ஓடுகிற வண்டியில் அதை உருக்கக்கூடியது ஹீட்டரின் சூடான காற்றுதான். இரவில் நெடுஞ்சாலையில் கண்ணாடி மறைந்துவிட்டால் ஓரங்கட்டுவதற்குக்கூட வழி தெரியாது.

நான் பல ஆண்டுகள் எட்மண்டன் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் டிரக்குகளைப் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். நம் மாவட்டத்திலிருந்து குளிர்நாடுகளுக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, ஊரில் எஞ்சினைக் குளிர வைக்கப் பட்ட பாட்டை அங்கே அதைச் சூடாக வைத்திருக்கப் பட வேண்டும் என்பதுதான். பேச்சிப்பாறை, கோதையாறு மலைச்சாலைகளில் ஏறும் வண்டி கொதித்துவிடக் கூடாது என்று, எஞ்சின் சூடாகும்வரை குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓட்டுவதை நம் பக்கத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு பழக்கங்களையும் அங்கே கொண்டு செல்லக் கூடாது.

டிரக்கின் ஹீட்டருக்கென்று தனி நெருப்போ மின்கம்பியோ கிடையாது. எஞ்சினைக் குளிர்வித்துக்கொண்டு சுற்றிவரும் கூலண்ட் என்னும் திரவம் ஏறக்குறைய 90 டிகிரி சூட்டுடன் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டர் போன்ற ஹீட்டர் கோருக்குள் பாய்கிறது. அதன் இடுக்குகள் வழியாகப் புளோயர் விசிறி காற்றைத் தள்ளுகிறது. ஆகவே சூடு குறைந்தால் எஞ்சினே போதிய அளவு சூடாகவில்லை, அல்லது சூடான கூலண்ட் கோருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது கோரில் இருக்கும் சூட்டைக் காற்று சுமந்து வரவில்லை என்ற மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

உங்கள் வண்டி சொல்லும் அடையாளம் இரண்டாவதை நோக்கிக் கை காட்டுகிறது. நிற்கும்போது குளிர்ந்து, எஞ்சின் வேகம் கூடும்போது சூடாவது, பெரும்பாலும் கூலண்ட் குறைந்திருப்பதையோ உள்ளே காற்று புகுந்திருப்பதையோ காட்டும். பல வண்டிகளில் ஹீட்டர் கோர் கூலண்ட் பாதையின் உயரமான இடத்தில் இருக்கிறது. பேச்சிப்பாறை அணையில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான். கூலண்ட் குறையும்போது முதலில் வறள்வதும் அந்தக் கோர்தான். எஞ்சினின் சூடு காட்டும் முள் சரியான இடத்தில் நிற்கும்போதே கேபின் குளிர்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம். டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று ஓடும் ஓசை கேட்டால் ஐயமே வேண்டாம்.

காலையில், இரவு முழுவதும் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் திரவம் ஒரு நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். அளவு குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு, வண்டியின் முகப்பு மேட்டை நோக்கி இருக்குமாறு சரிவில் நிறுத்துங்கள். மூடி நேரடியாக ரேடியேட்டரின் மேலேயே இருக்கும் வண்டி என்றால், அதைத் திறந்தபடி குளிர்ந்த எஞ்சினை இயக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழிகள் வந்து அடங்கும்வரை சிறிது சிறிதாகக் கூலண்ட் சேர்க்க வேண்டும். பொங்கி மேலே வருமானால் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள். சில எஞ்சின்களில் காற்றை வெளியேற்றுவதற்கென்றே தனித் திருகு உண்டு. அந்த மாடலின் கையேட்டில் முறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரப்பியதோடு வேலை முடிந்துவிடாது. மூடிய பாதையில் சுற்றும் கூலண்ட் தானாகக் குறையாது, எங்கேயோ போயிருக்கிறது. ஹோஸ் இணைப்புகள், வாட்டர் பம்பின் அடிப்பகுதி, ரேடியேட்டரின் ஓரங்கள் ஆகியவற்றில் காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். பயணி இருக்கைக்கு முன்னால் உள்ள கம்பளம் ஈரமாக இருந்து, கேபினில் இனிப்பான வாடை அடித்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிந்தால் ஹீட்டர் கோரே ஒழுகுகிறது. அதை மாற்றப் பல டிரக்குகளில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். உதிரிப்பாகத்தின் விலை குறைவு, கூலி அதிகம். வெளியில் எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே போய், எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். அந்நிலையில் இவ்வளவு பழைய வண்டிக்குச் செலவு செய்வது தகுமா என்று விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அளவு சரியாக இருந்தும் சூடு வரவில்லை என்றால், எஞ்சின் நன்றாகச் சூடான பின் பயர்வாலுக்குள் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்புச் சுவர்) நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் கோர் நலமாக இருக்கிறது. குறை காற்றுப் பாதையில் இருக்கிறது. ஒன்று சூடாகவும் மற்றது வெதுவெதுப்பாகவும் இருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. அடைப்பு என்றால் ஹோஸ்களைக் கழற்றி, கூலண்ட் வழக்கமாக வெளியேறும் வாய் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் செலுத்திக் கழுவலாம். பழைய கோர் மெலிந்திருக்கும் என்பதால் குழாயை முழுவேகத்தில் திறந்துவிடாதீர்கள். இரண்டும் வெதுவெதுப்பாகவே இருந்து, நெடுஞ்சாலையில் சூட்டு முள்ளும் கீழே இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது என்று பொருள். இது மலிவான பாகம். அங்கே ஒருவர் அதைக் கழற்றிவிடச் சொன்னாலும் கேட்காதீர்கள்; அது இல்லாத எஞ்சின் கடுங்குளிரில் தேவையான சூட்டை எட்டாது, பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

காற்றுப் பாதையில் வரும் குறைகள் எளியவை. விசிறி அதிக வேகத்தில் மட்டும் சுழன்றால் விசிறியின் வேகத்தைக் குறைக்க உதவும் புளோயர் ரெசிஸ்டரையும், காற்றின் விசை குறைந்தால் கேபின் ஃபில்டரையும் வைப்பருக்குக் கீழே சேரும் இலைகளையும் பாருங்கள். சூட்டுக் குமிழைத் திருப்பும்போது டாஷ்போர்டுக்குள் டக் டக் என்று ஓசை வந்தால், குளிர்ந்த காற்றையும் சூடான காற்றையும் கலக்கும் கதவின் மோட்டார் பழுதாகியிருக்கிறது.

கூலண்ட் விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் தவறுவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கூலண்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் வாலைநீரும் சரிபாதி கலந்த கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. 60 பங்கு கிளைக்கால் சேர்த்தால் மைனஸ் 50 டிகிரிக்கு அருகில் வரை தாங்கும். அதிகம் சேர்த்தால் இன்னும் நல்லது என்று கலக்காமல் ஊற்றக் கூடாது, ஏனெனில் தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். வெறும் தண்ணீர் ஊற்றியவருக்கு ஒரே இரவு போதும். பனிக்கட்டியாகும்போது நீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவதால் எஞ்சின் பிளாக்கே வெடித்துவிடும். கலவையின் வலிமையைக் காட்டும் சோதனைக் குழல் உதிரிப்பாகக் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். பழைய வண்டி வாங்கிய ஒவ்வொருவரும் அதை வைத்திருக்க வேண்டும். வகைகளை நிறத்தை மட்டும் பார்த்துக் கலக்காமல், உங்கள் வண்டியின் கையேடு குறிப்பிடும் வகையையே ஊற்றுங்கள். கீழே சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். அதன் இனிப்புச் சுவைக்கு நாயும் பூனையும் நக்கும், சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும். குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது.

மறுகேள்வி:

நன்றி அண்ணா. அளவு குறைந்துதான் இருந்தது. ஒரு ஹோஸ் கிளாம்பில் கறையும் தெரிகிறது. சரிசெய்யும் வரை காலையில் ஷெட்டுக்குள்ளேயே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கலாமா? கேபினுக்குள் சிறிய கேஸ் ஹீட்டர் வைத்துக்கொள்ளலாம் என்று அறையில் இருப்பவர் சொல்கிறார்.

பதில்:

இரண்டும் வேண்டாம் தம்பி. ஷெட்டுக் கதவு திறந்திருந்தாலும் எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கேபினுக்குள் எரியும் கேஸ் ஹீட்டரும் அதே வாயுவை உண்டாக்கும். அடுத்தவர் நல்லெண்ணத்தில் சொன்னாலும் இதில் இணங்க வேண்டாம்.

வண்டியின் முகப்பில் மின்பிளக் தொங்கினால் அது, நிற்கும் எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கும் பிளாக் ஹீட்டருடையது. மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போகும் நாள்களில் புறப்படுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு அதைச் செருகி வைத்தால் எஞ்சின் எளிதில் உயிர்பெறும், சூடும் விரைவாக வரும். கண்ணாடி மங்கினால் உள்காற்றே சுழலும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே விட்டு, ஏசியையும் போடுங்கள்; ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். கிளாம்பை மாற்றிக் காற்றை வெளியேற்றிய பின், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வென்ட்டில் ஒரு சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 50 டிகிரிக்கு மேல் காட்டி, சிக்னலில் நிற்கும்போதும் இறங்காமல் இருந்தால் சரி; இறங்கினால் கோரைக் கழுவும் வேலையையும் இந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.