நாவலில் வரும் தேவதாஸ் எந்தப் படத்தில் இருக்கிறான்?

ஆற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வங்காள எழுத்தாளர் சரத்சந்திரரின் தேவதாஸ் நாவலைப் போன வாரம்தான் தமிழில் படித்து முடித்தேன். சின்னப் புத்தகம், இரண்டு ராத்திரியில் முடிந்துவிட்டது. ஆனால் அப்புறம் மூன்று நாளைக்கு வேறு எதையும் கையில் எடுக்க மனம் வரவில்லை. படங்களை முன்னாலேயே பார்த்திருக்கிறேன். நாகேஸ்வர ராவின் 1953 படம், திலீப்குமாரின் 1955 படம், ஷாருக்கானின் 2002 படம். மூன்றுமே பிடித்தவைதான். புத்தகத்தைப் படித்த பிறகுதான் குழப்பம். அதில் இருக்கிற பையனை இந்த மூன்று பேரில் ஒருவரிடமும் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

பையன் என்றுதான் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் படித்துக்கொண்டிருக்கிற, இருபதை ஒட்டிய வயது. சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த பார்வதி நடுராத்திரியில் தனியாக அவன் அறைக்கு வருகிறாளே, அந்த இடத்தில் அவனுக்கு முதலில் வருவது காதல் இல்லை, பயம். யாராவது பார்த்தார்களா, நாளைக்கு வெளியே தெரிந்தால் உனக்கு வெட்கமாக இருக்காதா என்று கேட்கிறான். ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, அதில் என் களங்கம் மூழ்காதா என்கிறாள் அவள். அவனைவிடச் சின்னப் பெண், அவள் முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இவன் வீட்டில் ஒரு அதட்டல் விழுந்ததும் கல்கத்தாவுக்குக் கிளம்பிவிடுகிறான். போய், உன்னை அப்படி ஒன்றும் நான் நினைத்ததில்லை என்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதுகிறான். அதைத் தபாலில் போட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைக்கிறது.

எனக்கு அந்தக் கடிதம்தான் மொத்தக் கதையும். மீதி எல்லாம், குடி, தாசி சந்திரமுகி, ரயில், கடைசியில் சாகக் கிடக்கிற மரத்தடி, அந்த ஒரு கடிதத்துக்கு அவன் கட்டிய வட்டி. அந்தக் கோழைத்தனத்தை மறைக்காமல், அதே சமயம் அவனை வெறுக்கவும் விடாமல் நடித்துக் காட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான் பார்க்காத படம் இருந்தாலும் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறேன்.


மேலத்தெரு மங்கை எழுதியது:

தம்பி, எனக்கு இதில் இரண்டாவது பேச்சே கிடையாது, நாகேஸ்வர ராவ்தான். காரணமும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அம்மா கூட்டிக்கொண்டு போனாள். மணலைக் குவித்து உட்கார்ந்துகொள்வோம். பொழுதுக்கும் எங்களை அதட்டிக்கொண்டே இருக்கிற அம்மா, உலகே மாயம் பாட்டு ஆரம்பித்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் படத்தைவிட அம்மாவைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இப்போதும் கண்டசாலா குரல் கேட்டால் எனக்கு அந்த ஈர மணல் வாசனைதான் வருகிறது.

அவர் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். கண் பாதிதான் திறந்திருக்கும். குடிக்கிற காட்சிகளை ராத்திரியில் எடுத்ததால் தூக்கம் கெட்டு முகமே அப்படி ஆகிவிட்டது என்று சொல்வார்கள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கை காலை ஆட்டமாட்டார், கத்தமாட்டார், தோளில் ஒரு சால்வை, கூட ஒரு நாய், அவ்வளவுதான். அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிற உட்காரலிலேயே இனி இவன் எழுந்திருக்க மாட்டான் என்று தெரிந்துவிடும்.

இன்றைக்கும் நம் ஊரில் ஒரு பையன் நாலு நாள் தாடியோடு திரிந்தால் "என்னடா தேவதாஸ் மாதிரி" என்றுதான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்களில் நிறையப் பேர் புத்தகத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள், அவர்கள் கண்ணில் நிற்பது இந்த முகம்தான். தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுத்தார்கள், வேதாந்தம் ராகவய்யா டைரக்‌ஷன். இசையமைத்த சி.ஆர். சுப்பராமன் படம் வெளிவருவதற்குள் போய்விட்டார், மீதி வேலையை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்தார்கள். 1974-ல் தெலுங்கில் கிருஷ்ணாவை வைத்து விஜயநிர்மலா மறுபடி எடுத்தார். நல்ல நடிகர்தான், ஆனாலும் ஜனங்கள் மனதில் பழைய முகத்தை அசைக்க முடியவில்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால், இந்தப் படத்தில் எனக்கு அவன் கோழையாகத் தெரிந்ததில்லை, பாவமாகத்தான் தெரிந்தான். பார்வதியாக நடித்த சாவித்திரி அந்தப் பக்கம் நிற்கும்போது மட்டும் அவன்மேல் கோபம் வரும். அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், இவன் செய்தது தப்பு என்று நமக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை.


இரவுப்பணி எழுதியது:

மங்கை அம்மா சொன்ன மணல் வாசனை என்னையும் எங்கேயோ கொண்டுபோய்விட்டது. இருந்தாலும் ஆற்றங்கரை கேட்ட கேள்விக்கு என் பதில் திலீப்குமார்.

பாவமாகத் தெரிவதுதான் பிரச்சினையே. தேவதாஸைப் பாவம் என்று விட்டுவிட்டால் பார்வதிக்கு அநியாயம் செய்கிறோம். 1955 படத்தின் இயக்குநர் பிமல் ராய் அதைத் தெரிந்து எடுத்திருக்கிறார். இயக்குநர் பரூவா முன்பு நியூ தியேட்டர்ஸ் கம்பெனிக்காக எடுத்த தேவதாஸில் கேமராவைப் பிடித்தவரே இவர்தான், கதை அவருக்கு இருபது வருஷப் பழக்கம். திலீப்குமார் இந்தப் படத்தில் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுகிற இடம் ரொம்பக் குறைவு. தரையைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார், பாதி வாக்கியத்தில் குரலை இறக்கிவிடுகிறார். அது ஸ்டைல் இல்லை, தப்பு செய்தவனின் உடம்பு. எந்தக் கடன்காரனையும் கவனித்துப் பாருங்கள், இப்படித்தான் நிற்பான்.

சந்திரமுகியிடம் சொல்கிற அந்த வசனம் எல்லோருக்கும் தெரியும். தாங்கிக்கொள்வதற்காக எவன் குடிக்கிறான், மூச்சு விட முடிய வேண்டுமே, அதற்காகத்தான் குடிக்கிறேன் என்பார். ராஜிந்தர் சிங் பேடி எழுதியது. இதையே இன்னொரு நடிகர் கைதட்டல் வாங்குகிற மாதிரி சொல்லியிருப்பார். இவர் யாருக்கும் கேட்க வேண்டாம் என்பது போலச் சொல்கிறார். நான் சத்தத்தைக் கூட்டி வைத்து இரண்டு தடவை கேட்டேன்.

அப்புறம் ரயில். கடைசியில் ஊர் ஊராக ரயிலில் போய்க்கொண்டே இருப்பாரே, எங்கேயும் இறங்கத் தோன்றாது. வழியில் அவனுக்குக் குடியைப் பழக்கிய சுன்னிபாபு ஏறிவந்து பழைய சிநேகிதத்தில் புட்டியை நீட்டுவார். மோதிலால் என்ன அழகாகச் செய்திருக்கிறார் அந்த வேஷத்தை! குடித்தால் செத்துவிடுவோம் என்று தெரிந்துதான் வாங்குகிறார் தேவதாஸ். அந்த ஒரு நொடி முகத்தில் சோகம் இல்லை, ஒரு நிம்மதி. எனக்கு ராத்திரி வேலை, விடிகாலை ரயிலில் வீடு திரும்புகிறவன். ஜன்னலோரம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற சில முகங்களைப் பார்க்கும்போது அந்தக் காட்சிதான் ஞாபகம் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்வதியும் சந்திரமுகியும் நாவலில் சந்திப்பதே இல்லை. பிமல் ராய் ஒரே ஒரு தடவை வழியில் எதிரெதிரே கடந்து போக வைத்தார், பேச்சே கிடையாது, ஒரு பார்வையோடு சரி. பார்வதியாகச் சுசித்ரா சென், சந்திரமுகியாக நம் வைஜயந்திமாலா. அந்தப் படத்துக்கு ஃபிலிம்பேரில் துணை நடிகை விருது கொடுத்தபோது, என் வேடமும் கதாநாயகி வேடம்தான் என்று வைஜயந்திமாலா வாங்க மறுத்துவிட்டார். படத்தைப் பார்த்தவர்கள் அதில் தப்பு சொல்ல மாட்டார்கள்.


பட்டுப்பூச்சி எழுதியது:

2002 படத்தைப் பற்றி யாரும் நல்லதாக ஒன்றும் சொல்லமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நானே வருகிறேன். எனக்கு அப்போது பதினாலு வயது. அதுதான் என் தேவதாஸ்.

ஆமாம், எல்லாமே பெரிசு. வீடு அரண்மனை மாதிரி, கண்ணாடி ஜன்னல்கள், கல்கத்தாவிலிருந்து திரும்புகிற பையன் லண்டனிலிருந்து திரும்புகிறான், நாவலில் சந்திக்காத இரண்டு பெண்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். இயக்குநர் பன்சாலி சரத்சந்திரரை அப்படியே எடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஷாருக்கான் ஒரு விஷயத்தை மற்ற யாரையும்விடத் தைரியமாகச் செய்தார், தேவதாஸின் அகங்காரத்தைக் காட்டினார். இவன் அடிப்படையில் ஜமீன்தார் வீட்டுச் செல்லப்பிள்ளை, நினைத்தது கிடைத்தே பழகியவன், சின்ன வயதிலிருந்து பார்வதியை அடித்துக்கொண்டே வளர்ந்தவன். கிடைக்காது என்றதும் பொம்மையை உடைக்கிற குழந்தை மாதிரி தன்னையே உடைத்துக்கொள்கிறான். நாகேஸ்வர ராவிடமும் திலீப்குமாரிடமும் அந்தத் திமிர் எனக்குத் தெரியவில்லை, இரண்டு பேருமே பிறக்கும்போதே சோகமாகப் பிறந்த மாதிரி இருக்கிறார்கள்.

நெற்றியில் அடிக்கிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் குளத்தங்கரையில் தூண்டில் கழியால் அடிப்பான். கடிதம் போட்டுவிட்டுத் திரும்பி வந்து கல்யாணத்துக்குக் கேட்கிறான், அவள் மறுத்துவிட்டாள், அதுவும் நிமிர்ந்து நின்று மறுத்துவிட்டாள், அது பொறுக்கவில்லை. நிலாவுக்கே களங்கம் இருக்கிறது, இவ்வளவு அழகு ஆகாது என்று ஒரு நியாயம் வேறு சொல்கிறான். படத்தில் கழி இல்லை, நகையால் அடிக்கிறான். ஐஸ்வர்யா ராய் நெற்றியில் ரத்தம் வரும்போது ஷாருக் முகத்தைப் பாருங்கள், வருத்தம் வருவதற்கு முன்னால் ஒரு கணம் திருப்தி வந்துபோகும். அதைப் பார்த்து எனக்கு வயிற்றைப் புரட்டியது. பதினாலு வயதில் அது பெரிய காதல் என்று நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. அதற்கு அந்த முகமும் ஒரு காரணம்.

பிற்பாதியில் அழுகை கூடிப்போனது, அங்கே நான் வாதாட மாட்டேன். வயதும் இடிக்கிறது, அப்போது அவருக்கு முப்பத்தாறு.


ரயிலடி எழுதியது:

எல்லோரும் 1953-லிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அதற்கு முன்னால் பரூவா இருக்கிறார். 1935-ல் வங்காளத்தில் தானே நடித்து, தானே இயக்கினார், அடுத்த வருஷமே இந்தியில் பாடகர் சைகலை வைத்து எடுத்தார். இந்தியா முழுக்க தேவதாஸ் என்ற பெயரைக் கொண்டுபோனதே சைகல் குரல்தான். நடிப்பு என்று பார்த்தால் அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, உட்கார்ந்து பாடுவார். அந்தக் குரலில் ஒரு அலுப்பு இருக்கும், அதுவே போதுமாக இருந்தது. சோமித்ர சாட்டர்ஜி நடித்த 1979 வங்காளப் படத்தையும் ஆற்றங்கரை தேடிப் பாருங்கள், அதில் உத்தம் குமார்தான் சுன்னிலால், அதாவது சுன்னிபாபு.

நான் சொல்ல வந்தது வேறு. நாவலின் கடைசியை யாராலும் எடுக்க முடியவில்லை என்பதுதான் என் எண்ணம். பார்வதி வாழ்க்கைப்பட்ட வீட்டு வாசலில் வந்து சாகிறான். படங்களில் என்ன நடக்கிறது? பார்வதி ஓடி வருகிறாள், பெரிய கதவுகள் மூடுகின்றன, நமக்குத் தொண்டை அடைக்கிறது. புத்தகத்தில் கதவு பெரிய விஷயமே இல்லை. அங்கே பயங்கரமானது அதற்கு முந்தின பகுதி. ராத்திரி முழுக்கக் குளிரில் மரத்தடியில் கிடக்கிறான், விடிந்ததும் ஊர் கூடி வேடிக்கை பார்க்கிறது, யார் என்று தெரியவில்லை. பிணத்தைத் தொட மேல்சாதிக்காரர்கள் யாரும் வரவில்லை. சண்டாளர்களைக் கூப்பிட்டு அனுப்பி, அவர்கள் எடுத்துப்போய் அரைகுறையாக எரித்துவிட்டு வருகிறார்கள். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் முடிவு. எத்தனையோ படம் வந்தும் இதைக் காட்ட எந்தக் கதாநாயகனுக்கும் மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு சரத்சந்திரர் நேராக நம்மிடம் பேசுகிறார். யாருக்கும் இப்படிச் சாவு வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள், சாகிற நேரத்தில் அன்பான ஒரு கை நெற்றியில் படட்டும் என்கிறார். நெற்றி! பட்டுப்பூச்சி அந்தக் கழியைச் சொன்னதும்தான் எனக்கே இது உறைத்தது. அவள் நெற்றியைக் கிழித்தவனுக்குத் தன் நெற்றியைத் தொட ஒரு கை கிடைக்கவில்லை. நாலைந்து தடவை படித்திருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை.


இரவுப்பணி எழுதியது:

ரயிலடி சார், கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மறுபடி எடுத்துவிட்டேன். பட்டுப்பூச்சி, அகங்காரம் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. திலீப்குமார் படத்தில் அந்தத் திமிரைக் கொஞ்சம் தட்டையாக்கிவிட்டார்கள்.

அனுராக் காஷ்யப்பின் தேவ் டி பற்றி யாரும் பேசவில்லையே? 2009, அபய் தியோல். பஞ்சாப், டெல்லி என்று கதையை மாற்றி, கடைசியில் அவனைச் சாகவிடாமல் சந்தாவோடு (இந்தப் படத்தின் சந்திரமுகி) அனுப்பி வைக்கிறார்கள். நாவல் ரசிகர்களுக்கு அது பொறுக்காது. ஆனால் அதில் தேவ் பார்வதியைப் பற்றி யாரோ சொன்னதை நம்பிக் கேவலமாகப் பேசுகிறானே, அது ஆற்றங்கரை சொன்ன அந்தக் கடிதத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. அவன்மேல் பரிதாபப்பட அங்கே வழியே இல்லை.


ஆற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி 1955 படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன், இரவுப்பணி சொன்ன மாதிரி கண்ணை மட்டும் கவனித்துக்கொண்டு. பார்வதி அறைக்கு வருகிற காட்சியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் படுக்கையிலிருந்து எழுந்ததும் அவளைவிடக் கதவைத்தான் கவனிக்கிற மாதிரி எனக்குப் பட்டது. நான் தேடியது அதுதான். முன்னால் பார்த்தபோது சுசித்ரா சென்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் இது கண்ணில் படவே இல்லை.

மங்கை அம்மா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன், யார் நல்ல தேவதாஸ் என்று. அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை, 1953 படத்துப் பாட்டில், துணிந்தபின் மனமே துயரம் கொள்ளாதே என்று முதல் வரியைப் பாடினாள், மெதுவாக, சுருதி விலகாமல். அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. எப்போது பார்த்தாய், யாரோடு போனாய் என்று கேட்டேன். அதெல்லாம் எதற்கு, தோலை எடுத்துக் குப்பையில் போடு என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை 1953 படத்தை அவளோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.