ஜா ரூலின் "பெயின் இஸ் லவ்" உண்மையிலேயே நல்ல ஆல்பமா, அல்லது கூடப் பாடியவர்கள் தூக்கிவிட்டதா?

நள்ளிரவு_வானொலி:

வணக்கம் நண்பர்களே. 2000-ஐ ஒட்டி வந்த அமெரிக்க ராப் ஆல்பங்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன். ஜே-சியின் "தி ப்ளூபிரின்ட்", அவுட்காஸ்டின் "ஸ்டாங்கோனியா" எல்லாம் முடித்துவிட்டு ராப்பர் ஜா ரூலின் 2001 ஆல்பமான "பெயின் இஸ் லவ்" பக்கம் வந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன், அடுத்ததற்குப் போக மனசே வரவில்லை.

ஜா ரூல் என்றால் எனக்கு அதுவரை தெரிந்தது இரண்டே விஷயம்தான். இன்னொரு ராப்பரான 50 சென்ட் விடாமல் கிண்டலடித்த ஆள், அப்புறம் 2017-ல் பஹாமாஸில் சொதப்பிய ஃபயர் ஃபெஸ்டிவல் என்ற இசை விழாவில் பெயர் அடிபட்டவர். அதனால் பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல்தான் போட்டேன். ஆனால் "ஆல்வேஸ் ஆன் டைம்" வந்ததும் திரும்பத் திரும்ப அதையே கேட்கிறேன். "ஐ'ம் ரியல்" ரீமிக்ஸும் அப்படித்தான்.

ராப் நிறையக் கேட்கும் நண்பர்களிடம் சொன்னால், "அது ராப்பே இல்லை, ஆர் அண்ட் பி (மெட்டோடு பாடும் அமெரிக்கக் கறுப்பின இசை) பாட்டுக்கு நடுவில் ஒருத்தர் கத்துகிறார், அவ்வளவுதான்" என்கிறார்கள். ஹிட்டான பாட்டு எல்லாவற்றிலும் வேறொருவர் குரல் இருக்கிறது, கேஸ், அஷாந்தி, ஜெனிஃபர் லோபஸ் என்று, அதனால் பெருமை அவர்களுக்குத்தான் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் சரியில்லை என்று எடுத்துச் சொல்லவும் வரவில்லை. இந்த ஆல்பத்தை அது வந்த காலத்திலிருந்தே கேட்டவர்கள் இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். அடுத்து எதைக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பல்லவி_பைத்தியம்:

நண்பரே, உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கூடப் பாடியவர்கள் தூக்கிவிட்டார்கள் என்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. அந்தப் பாட்டுகளிலிருந்து ஜா ரூலின் குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? அந்தக் காலத்து வானொலியில் ஒரு மணி நேரத்துக்கு நான்கு வரும் இன்னொரு மெதுவான ஆர் அண்ட் பி பாட்டு, அவ்வளவுதான்.

"ஆல்வேஸ் ஆன் டைம்" பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அஷாந்தியின் குரல் மெல்லியது, மூச்சோடு கலந்து வருவது, அவர் எந்த இடத்திலும் உரக்கப் போவதில்லை. இவருடையது தொண்டை கிழிந்த மாதிரியான கரகரப்பு. பல்லவியில் அவர் ஒரு வரியைப் பாடி முடிக்கும் முன்பே இவர் பின்னாலிருந்து உள்ளே வந்துவிடுகிறார். சரணத்திலும் சும்மா பேசிக்கொண்டு போவதில்லை, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் ஒரு சுரத்தில் பிடித்து இழுத்துத்தான் விடுகிறார். அதனால்தான் ராப் எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடிவதில்லை. இரண்டு குரலும் வழுவழுப்பாக இருந்தால் வெறும் பாகு மாதிரி திகட்டியிருக்கும். இயர்போன் போட்டுக்கொண்டு பல்லவியின் கீழே ஓடும் அவர் குரலை மட்டும் கவனித்துக் கேளுங்கள், நான் சொல்வது புரியும்.

இது தானாக அமைந்ததும் இல்லை. முந்தைய வருடம், 2000 அக்டோபரில் வந்த "ரூல் 3:36" ஆல்பத்திலேயே இந்தக் கலவையைப் பிடித்துவிட்டார்கள். லில் மோ, வீட்டா இருவரோடும் "புட் இட் ஆன் மீ", கிறிஸ்டினா மிலியனோடு "பிட்வீன் மீ அண்ட் யூ". அதற்கும் முன்னால் 1999-ல் வந்த முதல் ஆல்பத்தின் "ஹோலா ஹோலா"வைக் கேட்டால் அது முழுக்க முழுக்க முரட்டுப் பாட்டு. அந்த முரட்டுக் குரலை மாற்றாமல், அதைச் சுற்றியிருந்ததை மட்டும் மாற்றியதுதான் தயாரிப்பாளர் இர்வ் காட்டியின் கெட்டிக்காரத்தனம். அவரோடு 7 ஆரேலியஸ் என்ற இசைக்கலைஞரும் சேர்ந்துதான் "ஆல்வேஸ் ஆன் டைம்" பாட்டை உருவாக்கினார்.

சாம்பிள் தேர்வையும், அதாவது பழைய பாட்டுகளிலிருந்து எடுத்துப் போட்ட துண்டுகளையும், பாருங்கள். "லிவின் இட் அப்" பாட்டில் ஓடுவது ஸ்டீவி வொண்டரின் 1982 பாட்டு "டூ ஐ டூ". "ஐ'ம் ரியல்" ரீமிக்ஸின் அடியில் ரிக் ஜேம்ஸின் 1978 பாட்டு "மேரி ஜேன்". கேட்பவருக்கு மூலப்பாட்டு எதுவென்று தெரியாவிட்டாலும் உடம்பு தானாக ஆடத் தொடங்கிவிடும். ஜெனிஃபர் லோபஸின் ஆல்பத்தில் இருந்த "ஐ'ம் ரியல்" பாட்டையும் இந்த ரீமிக்ஸையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று. மெட்டும் வேறு, வரிகளும் வேறு. அப்படியிருந்தும் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையை வெளியிடும் பில்போர்டு அப்போது இரண்டையும் ஒரே பாட்டாகக் கணக்கில் எடுத்தது. இந்த மாதிரி ரீமிக்ஸ்களால் எழுந்த சர்ச்சைக்குப் பிறகுதான் மெட்டே மாறிய ரீமிக்ஸைத் தனிப்பாட்டாக எண்ண வேண்டும் என்று 2002-ல் விதியை மாற்றினார்கள்.

குவீன்ஸ்_பக்கம்:

மேலே பல்லவி_பைத்தியம் குரலைப் பற்றிச் சொன்னதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி ஆல்பத்தைப் பற்றி. இது முழு ஆல்பமாக நிற்கிறதா என்றால், என் கருத்தில் இல்லை.

நல்ல நான்கைந்து பாட்டுகளுக்கு நடுவில் ஸ்கிட்டுகள் (பேச்சுத் துணுக்குகள்), அப்புறம் "வேர்ல்ட்வைட் கேங்ஸ்டா" மாதிரி கூட்டமாகச் சேர்ந்து பாடும் பாட்டுகள். காடிலாக் டா, பிளாக் சைல்ட் எல்லாம் இர்வ் காட்டியின் மர்டர் இங்க் இசைக் கம்பெனியின் ஆட்கள் என்பதால் உள்ளே வருகிறார்கள், பாட்டுக்குத் தேவைப்பட்டு வரவில்லை. காதல் பாட்டு கேட்க வந்தவர் அங்கே தாண்டிப் போய்விடுவார், முரட்டு ராப் கேட்க வந்தவருக்கோ அதே 2001-ல் அதைவிட நல்ல சரக்கு ஏகப்பட்டது கிடைத்தது. 2002 கிராமியில் சிறந்த ராப் ஆல்பத்துக்கான பட்டியலில் இதுவும் இருந்தது, கூடவே நீங்கள் கேட்ட "தி ப்ளூபிரின்ட்", "ஸ்டாங்கோனியா" இரண்டும். ஜெயித்தது "ஸ்டாங்கோனியா". எழுத்தை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டுக்கும் பக்கத்தில்கூட இதை வைக்க முடியாது.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தக் காதல் பாட்டுகளில் பெண் குரல் எவ்வளவு அழகாக வந்தாலும், பேசப்படுவது பெரும்பாலும் ஆண் பக்கம்தான். நான் வெளியே சுற்றுவேன், கூப்பிட்டபோதெல்லாம் வரமாட்டேன், நீ மட்டும் விசுவாசமாக இரு. இதையே அஷாந்தியின் வாயாலும் இனிமையாகப் பாட வைத்துவிடுகிறார்கள். பெண் தன் வார்த்தையில் பதில் சொல்வது சார்லி பால்டிமோர் வரும் பாட்டிலும், மிஸ்ஸி எலியட்டும் ட்வீட்டும் வரும் "எக்ஸ்" பாட்டிலும்தான். ஏனென்றால் அவர்கள் பல்லவிக்கு மட்டும் அழைக்கப்பட்டவர்கள் இல்லை. 2002 ஏப்ரலில் அஷாந்தியின் சொந்த ஆல்பம் வந்து, "ஃபூலிஷ்" பாட்டில் அதே மாதிரி ஆணை விட்டுப் போக முடியாமல் தவிக்கும் பெண்ணாக அவரே முழுப் பாட்டையும் பாடியபோது, இதுவரை பல்லவியில் அடைத்து வைத்திருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது. அந்த ஆல்பம் முதல் வாரத்திலேயே 5,03,000 பிரதிகள் விற்றது. கேட்டவர்களுக்கு அவர் பக்கத்துக் கதையும் வேண்டியிருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பல்லவி_பைத்தியம்:

குவீன்ஸ்_பக்கம், பெண் பக்கக் கதை பற்றி நீங்கள் சொன்னது நியாயம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் முழு ஆல்பமாக நிற்கவில்லை என்பதை ஏற்க முடியவில்லை. கடைசிப் பாட்டு "ஸோ மச் பெயின்" வரை கேட்டீர்களா? 1996-ல் இறந்துபோன ராப்பர் டூபாக்கின் குரலைக் கொண்டுவந்து, அவருடைய பழைய "பெயின்" பாட்டின் மேல் கட்டியது அது. ஆல்பத்தின் பெயரில் வரும் வலியை அதுவரை காதல் வலியாக மட்டும் கேட்டுக்கொண்டு வந்தவருக்கு அங்கே அது வேறொன்றாக மாறுகிறது. அந்தப் பாட்டில் ஜா ரூல் பல்லவிக்குப் பாடகி யாரையும் நம்பி நிற்கவில்லை. "நெவர் அகெய்ன்" பாட்டிலும் அவர் தனியாள்தான். இந்த இரண்டையும் கேட்டுவிட்டு மற்றவர்கள் தூக்கிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒலிநாடா_90:

ஜா ரூல் ஏன் இப்படிக் கேலிப்பொருளானார் என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் இசைக்கு இருக்கும் பங்கு பாதிதான்.

முதலில் அந்த 2002-ஐப் பாருங்கள். பிப்ரவரி கடைசியில் "ஆல்வேஸ் ஆன் டைம்" பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் முதலிடம், 2 வாரம். அதை இறக்கிவிட்டு ஏறியது ஜெனிஃபர் லோபஸின் "எயின்'ட் இட் ஃபன்னி" ரீமிக்ஸ், அதிலும் ஜா ரூல், பின்குரலில் அஷாந்தி, 6 வாரம். அதை இறக்கியது அஷாந்தியின் "ஃபூலிஷ்", 10 வாரம். ஆக பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை தொடர்ந்து 18 வாரம் முதலிடத்தில் மர்டர் இங்க் என்ற ஒரே கம்பெனியின் கைவண்ணம்தான். இதற்கு நடுவில் ஃபேட் ஜோவின் "வாட்ஸ் லவ்" வேறு, அதிலும் அஷாந்தி, அதிலும் ஜா ரூலின் குரல். ஒரே வாரத்தில் அஷாந்தியின் மூன்று பாட்டுகள் முதல் பத்துக்குள் இருந்தன. எந்த வானொலியைத் திருப்பினாலும் அதே கரகரப்பு, அதே மெல்லிய குரல். எவ்வளவு பிடித்தவருக்கும் ஒரு கட்டத்தில் அலுக்கத்தான் செய்யும்.

அந்த அலுப்பின் மேல்தான் 50 சென்ட் வந்து இறங்கினார். இருவரும் நியூயார்க்கின் குவீன்ஸ்காரர்கள், ஜா ரூல் ஹாலிஸ் பகுதி, 50 சென்ட் சவுத் ஜமைக்கா பகுதி. பகை பல வருடம் முன்பே தொடங்கியது. 2003 பிப்ரவரியில் 50 சென்ட்டின் "கெட் ரிச் ஆர் டை ட்ரையின்" ஆல்பம் வந்தது, முதல் வாரம் 8,72,000 பிரதிகள். அதில் "பேக் டவுன்" பாட்டு முழுக்க ஜா ரூலைத்தான் குறிவைத்தது. பாட்டுப் பாடுகிறவன், மென்மையானவன், நிஜ ஆள் இல்லை என்று முத்திரை குத்தினார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய மாதம்தான் மர்டர் இங்க் அலுவலகத்தில் கூட்டாட்சி அதிகாரிகள் புகுந்து சோதனை போட்டிருந்தார்கள், போதைப் பணத்தில் நடக்கும் கம்பெனி என்று சந்தேகம். இர்வ் காட்டியும் அவர் அண்ணன் கிறிஸும் 2005 டிசம்பரில் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள், ஆனால் அதற்குள் கம்பெனி ஓய்ந்துவிட்டது. இர்வ் காட்டி 2025 பிப்ரவரியில் காலமானார். அவரைப் பற்றி விமர்சனம் நிறைய உண்டு, ஆனாலும் அந்தச் செய்தி வந்த அன்று நான் இந்த ஆல்பத்தைத்தான் போட்டுக் கேட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். காதல் பாட்டு பாடுகிறான் என்று ஜா ரூலை அடித்த அதே ஆல்பத்திலேயே 50 சென்ட் நேட் டாக்கோடு சேர்ந்து "21 குவெஸ்சன்ஸ்" என்ற காதல் பாட்டைப் பாடினார், அதுவும் முதலிடம் போனது. அதற்கு முன்பே, 2002-ல், நெல்லியும் கெல்லி ரோலண்டும் "டிலெம்மா"வை 10 வாரம் முதலிடத்தில் வைத்திருந்தார்கள். அதனால் மக்கள் வெறுத்தது இந்த வகைப் பாட்டை இல்லை. ராப்பரும் பாடகியும் சேரும் பாட்டுக்கென்று கிராமியே தனி விருது ஒன்றை 2002-ல்தான் முதல்முறையாகக் கொடுத்தது.

இதை ஜா ரூல்தான் கண்டுபிடித்தார் என்றும் சொல்ல மாட்டேன். எல்எல் கூல் ஜே 1987-லேயே "ஐ நீட் லவ்" செய்துவிட்டார், அவரும் குவீன்ஸ்தான். 1995-ல் மெத்தட் மேனும் மேரி ஜே. பிளைஜும் சேர்ந்து பாடிய பாட்டில் இதே கரடு-மென்மைக் கலவை இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அது எப்போதாவது ஒரு பாட்டு. ஜா ரூல் அதை வைத்து ஒரு ஆல்பத்தையே கட்டினார், அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதி அளவுக்குச் சான்றிதழும் வாங்கினார். பின்னால் டிரேக் மாதிரி ஆட்கள் ராப்பும் பாட்டுமாகக் கலந்து வந்தபோது யாருக்கும் பெரிய அதிர்ச்சியாக இல்லை என்றால், அதற்கான அடியை முதலில் வாங்கிக்கொண்டது இவர்தான்.

நள்ளிரவு_வானொலி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. "எயின்'ட் இட் ஃபன்னி" ரீமிக்ஸில் பின்குரல் அஷாந்தி என்று தெரிந்த பிறகு மறுபடி போட்டுக் கேட்டேன், பல்லவியில் இரண்டு பெண் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து வருவது இப்போது தெளிவாகக் கேட்கிறது. குவீன்ஸ்_பக்கம் சொன்னது மனதில் நின்றுவிட்டது, அடுத்து அஷாந்தி ஆல்பம்தான். அதற்கப்புறம்?

ஒலிநாடா_90:

அதற்கப்புறம் பின்னோக்கிப் போங்கள், "ரூல் 3:36". 2002 நவம்பரில் வந்த "தி லாஸ்ட் டெம்ப்டேஷன்" ஆல்பத்தில் "மெஸ்மரைஸ்" மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், ஜா ரூலும் அஷாந்தியும் மறுபடி சேர்ந்தது. மற்றபடி அந்த ஆல்பத்தில் களைப்பு தெரிகிறது. நேரம் கிடைத்தால் 2021 செப்டம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஃபேட் ஜோவுக்கும் ஜா ரூலுக்கும் நடந்த வெர்சஸ் நிகழ்ச்சியையும் (இருவர் மாறி மாறித் தங்கள் பாட்டுகளோடு மோதும் மேடைப் போட்டி) பாருங்கள், அரங்கமே இந்தப் பாட்டுகளை வரி விடாமல் கூடப் பாடுகிறது.

குவீன்ஸ்_பக்கம்:

அஷாந்தி ஆல்பத்தை வரிசை மாற்றாமல் கேளுங்கள், "ஃபூலிஷ்" வந்ததும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். "ஹேப்பி" என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு உங்களுக்கு எப்படி இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.