சொந்தமாக வரைந்த விண்போர்க்கப்பல்: எந்த அளவில், எந்தப் பொருளில் செய்வது?

கொழுந்துமலை (டிக்கோயா):

அனைவருக்கும் வணக்கம். கடையில் பெட்டியாக விற்கும் மாதிரிக் கப்பல் எதையும் பின்பற்றாமல், நானே வரைந்த ஒரு விண்போர்க்கப்பலைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். கதைப்படி அதன் நீளம் 420 மீற்றர். பக்கச் சுவர்களுக்கு எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைத்தான் முன்மாதிரியாகக் கொண்டேன். கொழுந்து வாட்டும் மேல்மாடிகளில் ஒரே சீராக ஓடும் சன்னல் வரிசைகளையும் வெள்ளிப்பூச்சுப் பூசிய நெளிதகடுகளையும் பார்க்கும்போதெல்லாம், அது நங்கூரமிட்டு நிற்கும் ஒரு பெருங்கப்பலாகவே எனக்குத் தோன்றும்.

1/350 அளவில் செய்தால் 120 செ.மீ. வரும், 1/700 என்றால் 60 செ.மீ. தம்பியின் பாடசாலைக் கண்காட்சிக்குப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டியிருப்பதால் சிறியதே வசதி. ஆனால் சிறியதில் பிரமாண்டம் குன்றி, விளையாட்டுச் சாமான் போலாகிவிடுமோ என்று கவலைப்படுகிறேன். மாதிரி செய்யப் பயன்படும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள் இந்தப் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. ரெஜிபோமில் (பொதி கட்டப் பயன்படும் வெள்ளை நுரைப் பலகை) உடலைச் செதுக்கி நேரே ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா? மழையும் பனிமூட்டமும் விடாத மாதங்களில் நீங்கள் எப்படி நிறம் பூசுகிறீர்கள்?

ஊவாக்காற்று (பண்டாரவளை):

தம்பி, 1/700 அளவையே எடுங்கள். பிரமாண்டம் மாதிரியின் நீளத்தில் இல்லை. அதன்மேல் உள்ள மிகச் சிறிய பொருள் எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. 1977-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் தொடக்கத்தில் திரையை மூடிக்கொண்டு வரும் அந்தப் போர்க்கப்பல், ஏறத்தாழ 91 செ.மீ. நீளமுள்ள மாதிரிதான். கடையில் விற்ற பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளின் பாகங்களை அதன்மேல் நெருக்கமாக ஒட்டியிருந்தார்கள்.

உங்களிடம் அதைவிட நல்ல கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது அந்தச் சன்னல் வரிசை. ஒரு தளத்தின் உயரம் 3 மீற்றர் என்று வையுங்கள். 1/700 அளவில் அது 4.3 மி.மீ. ஆகவே சன்னல் வரிசைகள் 4.3 மி.மீ. இடைவெளியில், மூக்கிலிருந்து வால்வரை பிசகாமல் ஓட வேண்டும். 0.5 மி.மீ. துளை ஒன்று 35 செ.மீ. அகலமுள்ள சாளரமாகிவிடும். 1.7 மீற்றர் உயரமுள்ள மனிதன் இந்த அளவில் 2.4 மி.மீ. மட்டுமே என்பதை மனதில் வைத்து ஏணி, கதவு, கைப்பிடிச் சுவர் எல்லாவற்றையும் அளந்தால், பார்ப்பவரின் கண் தானாகவே கப்பலைப் பெரிதாக்கிக்கொள்ளும். தொழிற்சாலைச் சன்னல்களின் அகலத்தை அப்படியே இறக்கிவிடாதீர்கள்; அவற்றின் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தகட்டு இணைப்புகளைக் கத்தியால் ஆழமாகக் கீறுவதும் வேண்டாம். அரை மில்லிமீற்றர் கீறல் என்றால், உண்மையான கப்பலில் குழந்தை விழக்கூடிய பிளவு. அதற்குப் பதிலாகச் சாதாரண ஏ4 கடதாசியை வெவ்வேறு நீளச் சதுரங்களாக வெட்டி ஒட்டிப் பாருங்கள். அதன் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ.; இந்த அளவில் 7 செ.மீ. கவசத் தகடாக நிற்கும். ஒட்டியபின் ஓரங்களில் சூப்பர் குளூவைத் துளித்துளியாக ஊறவிட்டு, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தடவினால் மயிர் எழும்பாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தச் சதுரங்கள் மட்டும் மெல்ல நிழல் விடும். அந்த அழகு எந்தக் கீறலிலும் வராது.

பச்சைமண் (ஹட்டன்):

ரெஜிபோமின்மேல் நேரே ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் போமைத் தின்றுவிடும். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் 3 மி.மீ., 5 மி.மீ. பி.வி.சி. போம் பலகையின் வெட்டுத்துண்டுகள் கிடைக்கும். கேட்டால் பெரும்பாலும் மலிவாகவே தருவார்கள். நடுவில் அரை அங்குல எஸ்லோன் குழாயை (பி.வி.சி. தண்ணீர்க் குழாய்) முதுகெலும்பாக வைத்து, குறுக்குச் சட்டங்களை அதில் கோர்த்து, பலகையால் மூடுங்கள். ஸ்டைரீனை உருக்கி ஒட்டும் மெல்லிய பசை இந்தப் பலகையில் பிடிக்காது. சூப்பர் குளூ பிடிக்கும். மூக்கு, நடு, வால் என மூன்று துண்டுகளாகக் கழற்றும்படி செய்தால் பஸ் பயணமும் தொல்லையில்லை.

பனிமூட்டத்தில் லேக்கர் பெயின்ட் (கரைப்பான் கலந்து வேகமாகக் காயும் வகை) அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரம் படியும். நிறம் வெண்மையாகப் பூத்துவிடும். நம் மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை அடிக்கும் உலர்ந்த காற்றுத்தான் தேயிலைக்கும் தரம் தருகிறது, பெயின்ட்டுக்கும் உகந்தது. ஊவாப் பக்கத்தாருக்கு அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. எனவே மழை மாதங்களில் வெட்டுவது, ஒட்டுவது, துளையிடுவது என்று வைத்துக்கொண்டு, பூச்சைக் காய்ந்த பருவத்துக்கு விடுங்கள். அவசரம் என்றால் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்கை மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றும் நன்றாக உலரும்வரை பொறுத்திருங்கள். அடுப்பங்கரையில் வைத்து மட்டும் உலர்த்த வேண்டாம்; பலகை வளையும், பெயின்ட் ஆவி தீப்பற்றும் அபாயமும் உண்டு.

கொழுந்துமலை (டிக்கோயா):

இருவருக்கும் மிக்க நன்றி. 1/700 என்று முடிவு செய்துவிட்டேன். உலர் பருவம்வரை பூச்சைத் தள்ளிவைக்கவும் முடியும், ஏனெனில் கண்காட்சி மார்ச் மாதத்தில்தான். சன்னல்களுக்கு விளக்கு வைக்கலாமா, பீரங்கிகளை எவ்வளவு பெரிதாக்கலாம் என்ற இரண்டு கேள்விகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

ஊவாக்காற்று (பண்டாரவளை):

பீரங்கிக்கு உண்மையான கப்பலையே அளவுகோலாக வையுங்கள். ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பலின் 46 செ.மீ. பீரங்கிக் குழல் ஏறத்தாழ 21 மீற்றர் நீளம். 1/700 அளவில் 30 மி.மீ. உங்கள் கப்பலின் மிகப் பெரிய குழல் அதைத் தாண்டாமல் இருந்தால், உடல் பெரிதாகத் தோன்றும். விண்வெளியில் மேல், கீழ் என்பது இல்லாததால், அடிப்பக்கத்திலும் பீரங்கிக் கோபுரங்கள் இருப்பதே பொருத்தம்.

விளக்குக்கு 5 வோல்ற் தொலைபேசி சார்ஜர் போதும். வெள்ளை எல்.ஈ.டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 120 ஓம் மின்தடை கொடுங்கள். எல்.ஈ.டி.யின் ஒளியைச் சன்னல்வரை கடத்தும் 0.5 மி.மீ. ஒளியிழைகளைத் துளைகளில் செருகி, சூப்பர் குளூவுக்குப் பதில் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் குளூ இழையை முறியக்கூடியதாக்கிவிடும். இழைகள் வெளியே நீட்டியபடியே இருக்க முழுக்கப்பலுக்கும் நிறம் பூசி முடித்து, கடைசியில் நகவெட்டியால் சுவரோடு சேர்த்துக் கத்தரித்தால், ஒவ்வொரு நுனியும் பெயின்ட் படாமல் ஒளிரும். உட்புறத்தை முதலில் கறுப்பாகப் பூச மறவாதீர்கள்; இல்லாவிட்டால் பலகையின் ஊடாகவே வெளிச்சம் கசியும்.