1100 சதவீத டிவிடெண்ட், கையில் வந்தது 4,400 ரூபாய்
(2025-ல் ஓர் இணையக் குழுவில் நடந்த பேச்சு; விலை, வட்டி, வரி விவரங்கள் அன்றையவை)

திருமங்கலத்தார்:
போன வாரம் என் கணக்கில் 4,400 ரூபாய் விழுந்தது. டைட்டன் டிவிடெண்ட், அதாவது கம்பெனி தன் லாபத்தில் பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிற பணம். வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளையிடம் போனைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "மாமா, பேசாம இதை வித்துடுங்க" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

2009-ல் 20 பங்கு வாங்கினேன். ஒன்று ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். 2011-ல் பத்து ரூபாய்ப் பங்கை ஒரு ரூபாயாகப் பிரித்தார்கள், ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசமாக, போனஸ் என்று கொடுத்தார்கள். இருபது நானூறானது. அன்றிலிருந்து ஒன்றைக்கூட விற்கவில்லை. பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன், கணக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது. பங்குக்கு 2012-ல் 1.75 ரூபாய், 2019-ல் 5, கொரோனா வந்த 2020-ல் 4, 2021-லும் 4, 2022-ல் 7.50, 2023-ல் 10, 2024-ல் 11, 2025-லும் 11. நான் வாங்கியதிலிருந்து வராத வருடம் கிடையாது.

போட்ட பணம் இருபதாயிரம். அதற்கு வருடம் 4,400 என்றால் 22 சதவீதம். பேப்பரில் 1100 சதவீதம் என்றே போட்டிருந்தான். நகை, கடிகாரம், மூக்குக் கண்ணாடி, சேலை என்று நாலு கடை ஒரே கம்பெனிக்கு. இதில் மாப்பிள்ளை என்ன குறை கண்டார்?

வடகரைப் பையன்:
கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, நான் மாப்பிள்ளை கட்சி.

அந்த 1100 சதவீதம் முகமதிப்பின் மேல், அதாவது பங்குப் பத்திரத்தில் எழுதியிருக்கிற மதிப்பின் மேல் போடுகிற கணக்கு. முகமதிப்பு ஒரு ரூபாய், அதற்கு 11 ரூபாய், அவ்வளவுதான். அந்த ஒரு ரூபாய்க்கு இன்று யார் பங்கு தருகிறார்கள்? சந்தை விலை 3,500 பக்கம். அதில் 11 ரூபாய் என்பது 0.31 சதவீதம். சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தாலே இதைவிடப் பல மடங்கு வரும்.

22 சதவீதமும் அதே கதை. 1985-ல் 50,000-க்கு வாங்கிய வீட்டுக்கு இன்று மாதம் 900 ரூபாய் வாடகை வாங்கிக்கொண்டு, போட்ட பணத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்று ஒருவர் சொன்னால் சிரிப்பீர்களா மாட்டீர்களா? உங்கள் கையில் இருப்பது இருபதாயிரம் இல்லை, 14 லட்சம். அறுபது தாண்டியவர்களுக்குத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, 8.2 சதவீதம். 14 லட்சத்துக்கு வருடம் 1,14,800 ரூபாய். நீங்கள் 4,400-க்கு இனிப்பு வாங்கிக் கொண்டாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

திருமங்கலத்தார்:
இனிப்பு வாங்கவில்லை தம்பி, சர்க்கரை இருக்கிறது.

சரி, அந்த 14 லட்சம் எங்கிருந்து வந்தது? 2009-ல் இருபதாயிரத்தைத் தபால் நிலையத்தில் போட்டு, வட்டியை எடுத்துச் செலவழித்திருந்தால் இன்று என்ன இருக்கும்? அதே இருபதாயிரம்தான்.

வடகரைப் பையன்:
அதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன்! அந்த 14 லட்சம் டிவிடெண்டால் வந்ததில்லை, டிவிடெண்டாகக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பணத்தால் வந்தது. 2023-24-ல் டைட்டன் லாபம் 3,496 கோடி. டிவிடெண்டாகக் கொடுத்தது சுமார் 977 கோடி, அதாவது 28 சதவீதம். அப்புறம் எதற்கு "டிவிடெண்ட் வரலாறு" என்று பெருமைப்படுகிறீர்கள்? டி-மார்ட் என்ற பலசரக்குக் கடைக் கம்பெனி இந்த ஊறுகாய் கூட வைப்பதில்லை. 2017-ல் 299 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். இன்றுவரை ஒரு பைசா டிவிடெண்ட் கிடையாது, பங்கு 4,000 பக்கம் நிற்கிறது. வளர்கிற கடைக்கு அதுதான் நேர்மை.

விளக்குத்தூண்:
டி-மார்ட் பேச்சு வந்ததால் வந்தேன். 299-க்குக் கிடைத்தவனுக்குச் சரி. 2021 அக்டோபரில் அதே பங்கு 5,500-க்கு மேல் போனதே, அன்று வாங்கியவனுக்கு என்ன பதில்? நாலு வருடம் ஆகப்போகிறது. விலையும் ஏறவில்லை, டிவிடெண்டும் இல்லை. "கம்பெனி வளர்கிறது" என்ற ஆறுதலை வைத்து அரிசி வாங்க முடியாது. டிவிடெண்ட் கொடுக்கிற கம்பெனியில் மாட்டியிருந்தால் காத்திருக்கும் காலத்துக்குச் சோறாவது கிடைத்திருக்கும்.

நான் ஜவுளிக் கடைக்காரன். தீபாவளி முடிந்து கல்லாவில் இருக்கிற பணம் லாபமா, அடுத்த சீசன் சரக்குப் பணமா என்று எனக்கே தை மாதம்தான் தெரியும். அதனால் முழுவதையும் வீட்டுக்கு எடுத்துப் போகிறவனையும் நம்ப மாட்டேன், எதையுமே வீட்டில் காட்டாதவனையும் நம்ப மாட்டேன். டிவிடெண்ட் கொடுக்க ரொக்கம் வேண்டும். ஏட்டில் லாபம் எழுதலாம், ரொக்கத்தை எழுத முடியாது.

கணக்குப்பிள்ளை:
தம்பி சொன்ன 1,14,800-ல் ஒரு ஓட்டை. மொத்தமாக விற்றால் 14 லட்சமும் கைக்கு வராது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது நெடுநாள் வைத்திருந்து விற்கிற லாபத்துக்கு, 1.25 லட்சம் வரை விலக்கு, அதற்கு மேல் 12.5 சதவீதம் வரி. பழைய பங்கு என்பதால் 2018 ஜனவரி 31 அன்றைய விலையைக் கொள்முதல் விலையாக வைத்துக்கொள்ளலாம். அன்று டைட்டன் 800-க்கு மேல் இருந்தது. அப்படிப் பார்த்தாலும் 1.2 லட்சம் பக்கம் வரிக்கே போகும். மிச்சத்தைப் போட்டு வட்டி வாங்கினால் அந்த வட்டியும் வருமானத்தில் சேரும்.

டிவிடெண்டுக்கும் இப்போது அப்படித்தான். 2020 மார்ச் வரை கம்பெனியே வரி கட்டிவிட்டு மீதியைக் கொடுக்கும். அந்த ஏப்ரலிலிருந்து நம் தலையில். ஒரு கம்பெனியிடமிருந்து வருடம் 10,000 தாண்டினால்தான் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே வரி, பிடிப்பார்கள். ஐயாவுக்கு 4,400 தான், பிடித்திருக்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்பதற்காகக் கணக்கில் காட்டாமல் விடக்கூடாது.

வருமானம் வேண்டுமென்றால் வருடம் 40 பங்கு விற்கலாம். ஆதாயம் 1.25 லட்சத்துக்குள் நிற்கும், வரி இல்லை. கையில் 1.4 லட்சம்.

வடகரைப் பையன்:
இது! நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிற டிவிடெண்ட்.

திருமங்கலத்தார்:
எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டம் உண்டு தம்பி. பூவைப் பறித்து விற்பது ஒன்று. செடியைப் பிடுங்கி விற்பது வேறு. வருடம் நாற்பது விற்றால் பத்து வருடத்தில் தோட்டமே இருக்காதே.

வடகரைப் பையன்:
மல்லிகைக்கே கார்த்திகை, மார்கழியில் கவாத்து பண்ணுகிறார்களே ஐயா. வெட்டினால்தானே தளிர்க்கிறது?

திருமங்கலத்தார்:
வெட்டின கொப்பு மறுபடி தளிர்க்கும். விற்ற பங்கு தளிர்த்து யார் பார்த்தது?

விளக்குத்தூண்:
ஐயா ஜெயித்துவிட்டார், அடுத்த கேள்வி போகலாம்.

வடகரைப் பையன்:
ஜெயிக்கவில்லை. டிவிடெண்ட் கொடுத்தால் மட்டும் என்ன, அந்தப் பணம் கம்பெனியை விட்டுத்தான் வெளியே வருகிறது. பங்கு எண்ணிக்கை குறையாததால் நமக்கு உறைக்கவில்லை. இன்னொன்று, 2023-ல் கேரட்லேன் என்ற நகை கம்பெனியில் மீதியிருந்த 27.18 சதவீதத்தை வாங்க டைட்டன் ஒப்புக்கொண்ட தொகை 4,621 கோடி. கம்பெனி எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்கிற டிவிடெண்ட், கிட்டத்தட்ட ஐந்து வருடத்துக்கானது, ஒரே காசோலையில் போகிறது. அவர்கள் முன்னுரிமை எதற்கு என்று இதிலேயே தெரியவில்லையா?

தராசுமுள்:
தெற்காவணி மூல வீதியில் எங்கள் வீட்டுக்காரருக்குச் சின்ன நகைக்கடை. பங்குச்சந்தை எனக்கு அரைகுறை. ஆனால் நகைக்கடை ஏன் லாபத்தை அள்ளிக் கொடுக்க முடியாது என்று சொல்ல முடியும்.

ராத்திரி கடை அடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் தராசில் வைத்து, காலையில் எழுதிய எடையோடு ஒத்துப் பார்ப்போம். விற்றதைக் கழித்து, வந்த பழைய நகையைத் தனியே வைத்து, மில்லிகிராம் வரை ஒத்துப்போனால்தான் ஷட்டர் இறங்கும். பத்து கிலோ இருப்பு உள்ள கடை என்று வையுங்கள். 1,250 சவரன். 2019 தொடக்கத்தில் சவரன் 25,000 பக்கம், இருப்பின் மதிப்பு சுமார் 3 கோடி. 2025 ஏப்ரலில் சவரன் 70,000 தாண்டியது. அதே பத்து கிலோ, அதே தட்டு, அதே நெளி மோதிரம், அந்த விலையில் 8.75 கோடி. ஒரு குண்டுமணி கூடவில்லை. ஆனால் கடையை அப்படியே வைத்திருக்கவே ஐந்தரை கோடி கூடுதலாக முடங்குகிறது. ஏட்டில் அதை லாபம் என்பார்கள். அதை டிவிடெண்டாகக் கொடுத்தால் மறுநாள் தட்டில் இடைவெளி தெரியும்.

பெரிய கம்பெனிகள் இதற்காகத்தான் வங்கியிடம் தங்கத்தையே கடனாக வாங்குகின்றன. விலை ஏறினாலும் இறங்கினாலும் பெரிதாகப் பாதிக்காது. விற்கிற அன்றைய விலைக்கு முடித்துக்கொள்வார்கள். டைட்டனும் அப்படித்தான். ஆனால் 2013-ல் ரிசர்வ் வங்கி தங்க இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது அந்தக் கடன் வழி அடைபட்டது. கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களுக்குத்தான் மூச்சு விட முடிந்தது. அதனால் 28 சதவீதம் கொடுத்து மிச்சத்தை வைத்துக்கொள்வதை நான் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அண்ணே, உங்கள் நோட்டையும் எங்கள் தராசில் போட்டுப் பார்த்தேன். 2012-ல் உங்களுக்கு 700 ரூபாய். அன்று 22 காரட் கிராம் 2,800 பக்கம், ஆக கால் கிராம். இன்று 4,400. கிராம் 9,000 தாண்டிவிட்டது, அரை கிராம் கூட வராது. ரூபாயில் ஆறு மடங்கு, தங்கத்தில் இரண்டு மடங்கு கூட இல்லை. நகை விற்கிற கம்பெனியின் டிவிடெண்டால் அந்தக் கடையிலேயே வாங்க முடிவது பதின்மூன்று வருடத்தில் இவ்வளவுதான் கூடியிருக்கிறது.

திருமங்கலத்தார்:
இதை நான் யோசிக்கவே இல்லையம்மா. நோட்டில் தங்கத்துக்கு ஒரு பத்தி போட்டுவிட்டேன்.

வடகரைப் பையன்:
அக்கா ஒரே பதிவில் இரண்டு பக்கத்துக்கும் வாதாடிவிட்டார். பங்கு விலையையும் அப்படியே நிறுத்துங்கள். 2012-ல் 220 பக்கம், நானூறு பங்கு 88,000, தங்கத்தில் 31 கிராம் சுமாருக்கு. இன்று 14 லட்சம், 150 கிராமுக்கு மேல். ஐந்து மடங்கு. ஐயா சம்பாதித்தது பங்கில், நோட்டில் எழுதுவது டிவிடெண்டை.

விளக்குத்தூண்:
வருமானம் வேண்டும் என்பவர் சிகரெட் கம்பெனி ஐடிசி பக்கம் போகலாமே? 2024-25-க்கு 14.35 ரூபாய் கொடுத்தது, விலை 415 பக்கம். மூன்றரை சதவீதம். என்ன, 2014 முதல் 2021 வரை பங்கு நகரவே இல்லை, ஆணி அடித்த மாதிரி. அதை வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன், அதனால் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு சந்தோஷம் சொல்கிறேன். டைட்டனில் நம் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவுக்கு 27.88 சதவீதம் பங்கு. 1984-ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதானே, ஓசூர்த் தொழிற்சாலையோடு. பங்குக்கு 11 ரூபாய் என்றால் டிட்கோவுக்கு மட்டும் வருடம் 270 கோடிக்கு மேல். டிவிடெண்ட் வேண்டாம் என்கிற தம்பி அங்கே போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

வடகரைப் பையன்:
வேண்டாம் என்று எங்கே சொன்னேன் அண்ணே? அதை மட்டும் பார்த்துப் பங்கை எடை போடாதீர்கள் என்றேன்.

திருமங்கலத்தார்:
கணக்குப்பிள்ளை சாருக்கு ஒரு கேள்வி. என் அண்ணன் வேறொரு கம்பெனிப் பங்கு காகிதமாகவே வைத்திருக்கிறார். அவர் வங்கி இன்னொன்றோடு இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி எண் மாறியதை யாரும் சொல்லவில்லை. நாலைந்து வருடமாக டிவிடெண்ட் வரவில்லை. மேசையில் கேட்டால் அடுத்த மேசை என்கிறார்கள். பணம் போய்விட்டதா?

கணக்குப்பிள்ளை:
போகவில்லை, ஆனால் அவசரப்படுங்கள். வாங்காத டிவிடெண்ட் ஏழு வருடம் ஆனால் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு வருடம் வாங்காவிட்டால் பங்கும் கூடவே போகும். அங்கிருந்து திரும்ப வாங்கலாம், ஆனால் அலைச்சல். 2024 ஏப்ரலிலிருந்து காகிதப் பங்குக்கு கேஒய்சி என்கிற அடையாள விவரம் முழுமையாக இருந்தால்தான் டிவிடெண்ட், அதுவும் வங்கிக் கணக்கில் மட்டும். பான், வங்கி விவரம், வாரிசு நியமனம் மூன்றையும் கம்பெனியின் பதிவாளர் முகவரிடம் கொடுத்துவிட்டு, பங்கையும் டீமேட்டுக்கு, அதாவது காகிதம் இல்லாத மின்னணுக் கணக்குக்கு, மாற்றச் சொல்லுங்கள். காகிதத்தில் இருக்கிற பெயரும் பானில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேர் மாட்டுவது அங்கேதான்.

திருமங்கலத்தார்:
ஒன்றில் அப்பா பெயரோடு, ஒன்றில் முதலெழுத்தோடு. மாட்டியாயிற்று.

மாப்பிள்ளைக்கு இதையெல்லாம் படிக்க அனுப்பினேன். நாற்பது பங்கு விற்கிற யோசனை பிடித்திருக்கிறதாம். நான் தை வரை தவணை கேட்டிருக்கிறேன். வீட்டம்மாள் முழுவதும் படித்துவிட்டு அந்த அரை கிராமை மட்டும் பிடித்துக்கொண்டாள். தராசுமுள் அம்மா, 4,400 ரூபாய்க்கு ஒரு மூக்குத்தி வருமா?

தராசுமுள்:
கல் வைக்காதது என்றால் வரும் அண்ணே. செய்கூலி, சேதாரம், 3 சதவீதம் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து அதற்குள் அடக்கலாம். எங்கே வாங்கப் போகிறீர்கள், உங்கள் கம்பெனிக் கடையிலா, எங்கள் கடையிலா?