கலைச்சொல் வேண்டும்: காற்றின் மூன்றாவது எண்

காற்று முன்னறிவிப்புச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் கோப்பைக் கொடுக்க வேண்டும். மணிக்கு மணி மூன்று எண்கள் வரும்: சராசரி வேகம், திசை, அப்புறம் சில வினாடிகள் மட்டும் எகிறி அடங்கும் வேகம். மூன்றாவதற்கு இப்போதைக்குச் 'சூறை' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. சின்னச் சொல்லாக இருந்தால் நல்லது.

மறுமொழி 1

'சூறை' வேண்டாம், சரி. 'வளி'யிலிருந்து தொடங்குங்கள். நாவாய் ஓட்டியவனைப் புறநானூறு 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறது. வளி, வளை, வளையம் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. வளைந்து சுழல்வதால்தான் வளி. 'குறுவளி' என்று ஆக்கலாம். குறுகிய நேரம் வீசுவது.

மறுமொழி 2

> குறுகிய நேரம் வீசுவது

படிப்பவர் 'சிறிய காற்று' என்றே எடுத்துக்கொள்வார். பொருளே கவிழ்ந்துவிடும். வேர் ஆராய்ச்சி இருக்கட்டும், முதலில் அளவீட்டைப் பாருங்கள். திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் காற்றுமானி இருக்கும். பொதுவாக 10 நிமிடச் சராசரியை 'வேகம்' என்பார்கள். அந்த நேரத்துக்குள் 3 வினாடிச் சராசரி தொட்ட உச்சம்தான் நம் மூன்றாவது எண். மரம், கட்டடம், மேடு பள்ளம் எல்லாம் தரையோரக் காற்றைத் தடுக்கின்றன. மேலே ஓடும் வேகமான காற்றைச் சுழிகள் அவ்வப்போது கீழே இறக்குகின்றன. தரை சூடேறிய நண்பகலில் இது கூடும்.

ஆகவே சராசரி 10 கிலோமீட்டராக இருக்கும் சாதுவான நாளிலும் 18 என்று மூன்றாவது எண் வரலாம். அதைப் போய்ச் 'சூறை' என்பதா? 'வன்காற்று'ம் இதனாலேயே ஆகாது. சொல்லில் வலிமை வேண்டாம், திடீர்த்தன்மை வேண்டும். அதே சமயம் எண்ணை அலட்சியப்படுத்தவும் கூடாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: 30 என்பது 45 ஆனால் தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு. படகு கவிழ்வதும் பந்தல் பறப்பதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்ணால்தான்.

என் பரிந்துரை: 'திடீர் வேகம்'.

மறுமொழி 3

'வீச்சு' என்றே விடலாமே? காற்று வீசத்தானே செய்கிறது.

மறுமொழி 4

இயற்பியலில் அலையின் வீச்சு இருக்கிறது, மாணவர்கள் குழம்புவார்கள். வானிலை அறிக்கைகள் ஏற்கெனவே வழி காட்டியிருக்கின்றன: 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்'. அந்த 'இடையிடையே'தான் நீங்கள் தேடுவது. எல்லாருக்கும் புரிகிறது. அதையே தலைப்பாக்குங்கள்.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

வினையடையைத் தலைப்பாக்குவதா! 'திடீர்' மட்டும் என்ன? அது 'திடீரென' என்று வரவேண்டிய ஒலிக்குறிப்பு.

இன்னொன்று, திசையில் சிக்கல் இல்லை என்று நினைக்கிறீர்கள் போலும். இருக்கிறது. 'வடக்குக் காற்று' வடக்கிலிருந்து வருவதா, வடக்கே போவதா? அறிவியல் வழக்கு வரும் திசையைச் சொல்வது. நம் பெயர்களும் அப்படியே: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நான்கையும் திசைப் பெயராகவே வையுங்கள்.

மறுமொழி 5

வடமேற்குக்கு என்ன செய்வது? கோடை என்று திரையில் வந்தால் வெயில் காலம் என்றுதான் நினைப்பார்கள். 'வடக்கிலிருந்து' என்று வேற்றுமை உருபோடு போட்டால் தீர்ந்தது.

'திடீர் மழை', 'திடீர்ச் சோதனை' என்று நாள்தோறும் எழுதுகிறோம். அது எப்போதோ பெயரடையாகிவிட்டது. என் வாக்கு 'திடீர் வேகம்'.

தொடங்கியவர்

நன்றி. 'திடீர் வேகம்' என்றும், திசைக்கு 'வடக்கிலிருந்து' என்றும் கோப்பில் ஏற்றிவிட்டேன். தொட்டால் விரியும் விளக்கத்தில் 'இடையிடையே 3 வினாடி அளவுக்கு எட்டும் உச்ச வேகம்' என்று சேர்த்திருக்கிறேன்.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

'வேகம்' வடசொல். 'விரைவு' இருக்கிறது. அடுத்த பதிப்புக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். 'குறுவளி'யை நான் கைவிடவில்லை.