புதுப்பிப்பு: அப்பாவின் போனுக்குத் தமிழ்99 கீபோர்டு கிடைத்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: பிளே ஸ்டோரில் "தமிழ் கீபோர்டு" என்று தேடினால் விளம்பரங்களும், ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றும் ஒலிபெயர்ப்பு கீபோர்டுகளும்தான் வருகின்றன, அப்பாவுக்குப் பழகிய தமிழ்99 (தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் விசை அமைப்பு) எங்கே என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"தமிழ்99" என்று தேடிப் பார்த்தேன், பலனில்லை. தமிழ்99 உள்ள கீபோர்டு ஆப் ஒன்றின் பெயரைச் சொன்னார் ஒருவர்: செல்லினம். ஸ்டோரில் அதைத் தமிழில் அடித்தும் கண்ணில் படவில்லை. கடைசியில் கைகொடுத்தது இன்னொருவர் சொன்ன வழி: ஸ்டோரை விட்டுவிட்டு, பிரவுசரில் செல்லினத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்குள்ள இணைப்பைத் தொடுவது. நேராக ஆப் பக்கமே திறந்தது. வெளியிட்டவர் பெயர் முரசு சிஸ்டம்ஸ் என்று சரிபார்த்துக்கொண்டேன். போலிகளுக்குப் பயந்தால் இதைச் செய்யுங்கள்.

எதிர்பாராதது: நிறுவினால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் கீபோர்டை இயக்கும்போது, "நீங்கள் தட்டுவதையெல்லாம் இது சேகரிக்கக்கூடும்" என்று ஆண்ட்ராய்டு எச்சரித்தது. வெளியிலிருந்து சேர்க்கும் எந்தக் கீபோர்டுக்கும் இது வருமாம். அப்பா பதறிப்போய் ரத்து செய்துவிட்டார், மறுபடி முதலிலிருந்து!

இப்போது அ, ம, ம, ஆ தட்டி, புள்ளி வைக்காமலே "அம்மா" எழுதிக் காட்டுகிறார்; முதல் ம-வுக்குப் புள்ளி தானாகவே விழுந்துவிடுகிறது.